'சறுக்கல்' என்று எழுதும் முன் புள்ளிக் கணக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளம் டென்னிஸ் வீரர்களைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் வரும் செய்தி பெரும்பாலும் இரண்டே வகைதான். 17 வயதில் ஒரு பட்டம் வென்றால் 'அடுத்த சாம்பியன்'. மறு ஆண்டு தரவரிசையில் நூறு இடம் இறங்கினால் 'சறுக்கல்'. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பிள்ளை எந்த நிலைப் போட்டிகளில் ஆடியது, யாரிடம் தோற்றது என்பது செய்தியில் வருவதே இல்லை. இந்தத் தலைப்புகளை நம்பிப் பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். பயிற்சியாளரை மாற்றுகிறார்கள், ஓய்வே இல்லாமல் வாராவாரம் போட்டிக்கு அனுப்புகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் தரவரிசை. போட்டிகளில் சேரும் புள்ளிகளை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளியின் ஆயுள் 52 வாரம், பிறகு அது கழிந்துவிடும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு (ஐடிஎஃப்) நடத்தும் ஆண்களுக்கான கடைநிலைப் போட்டிக்கு எம்15 என்று பெயர். அதில் பட்டம் வென்றால் 15 புள்ளி, இறுதியில் தோற்றால் 8, அரையிறுதி 4, காலிறுதி 2, இரண்டாம் சுற்று 1. முதல் சுற்றிலேயே தோற்றால் ஒன்றுமில்லை. ஒரு பையனிடம் மொத்தம் 45 புள்ளி இருக்கிறது, அதில் 15 கடந்த மார்ச்சில் வென்ற எம்15 பட்டத்தால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்த மார்ச்சில் அவன் ஐடிஎஃப் போட்டிகளுக்கு மேல்படியான சேலஞ்சர் போட்டிக்குப் போய், தகுதிச் சுற்றில் தோற்றுத் திரும்புகிறான். பழைய 15 கழிந்து 30 மிஞ்சுகிறது. அந்த ஆழத்தில் வீரர்கள் ஒன்றிரண்டு புள்ளி இடைவெளியில் நெருக்கியடித்து நிற்பதால், 15 புள்ளி போனால் நூறு இடங்களுக்கு மேல்கூட இறங்க நேரும். அந்த வாரம் அவன் தன்னைவிட வலுவானவரோடு மோதி, போன வருடத்தைவிட நல்ல டென்னிஸ் ஆடியிருப்பான். பட்டியலில் அது தெரியாது.

உச்சியிலும் இதே விதிதான். பிரிட்டன் வீராங்கனை எம்மா ராடுகானு 2021 அமெரிக்க ஓபனுக்கு 150-ஆம் இடத்திலிருந்து வந்தார். தகுதிச் சுற்றில் தொடங்கி 10 ஆட்டங்களில் ஒரு செட்கூட இழக்காமல் பட்டம் வென்றார். மறு ஆண்டு அதே போட்டியின் முதல் சுற்றில் தோற்றதும் 2,000-க்கும் அதிகமான புள்ளிகள் ஒரே நாளில் கழிந்தன. 11-ஆம் இடத்தில் இருந்தவர் 80-க்கும் கீழே போனார். தோற்றது ஒரு ஆட்டம். கழிந்தது ஓராண்டுக்கு முந்தைய அற்புதம்.

இன்னொரு கணக்கும் உண்டு. டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில், பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்பவருக்கு 10 புள்ளி. எம்15 இறுதிவரை வந்து தோற்பவருக்கு 8. கிராண்ட்ஸ்லாம் பட்டத்துக்கு 2,000. அதை எம்15 பட்டங்களாலேயே எட்ட வேண்டுமானால் 134 பட்டம் வேண்டும். ஆகவே கீழ்நிலையில் வென்றுகொண்டே இருந்து ஒருவர் மேலே வந்துவிட முடியாது. ஏதோ ஒரு கட்டத்தில், தோற்போம் என்று தெரிந்தே மேல்படிக்குப் போயாக வேண்டும். இளம் வீரரின் முதல் மூன்று ஆண்டுகளில் எடுக்கப்படும் மிகக் கடினமான முடிவு இதுதான்.

போட்டியில் பெயர் சேர்ப்பதே ஒரு தனி வேலை. ஐடிஎஃப் தரும் வீரர் அடையாள எண்ணான ஐபின் இல்லாமல் பெயர் பதிய முடியாது. போட்டி தொடங்கும் திங்கள்கிழமைக்கு 18 நாள் முன்பு வரும் வியாழக்கிழமையோடு பதிவு முடிகிறது. அபராதமின்றி விலக, 13 நாள் முன்பு வரும் செவ்வாய்க்கிழமைதான் கடைசி. யார் உள்ளே, யார் வெளியே என்பது பதிவு முடிந்த காலத்துத் தரவரிசையை வைத்து முடிவாகிறது. கிராண்ட்ஸ்லாமுக்கு இந்த இடைவெளி ஆறு வாரம். அதாவது இன்று வென்றதன் பலன் நாளைய போட்டியில் கிடைக்காது. வாரங்கள் கழித்துத்தான் கிடைக்கும். ஏறுமுகத்தில் இருக்கும் பிள்ளை தன் தரத்துக்குக் குறைவான போட்டியில் ஆடுவதுபோலத் தோன்றுவதற்கும், காயத்திலிருந்து திரும்பியவர் தகுதிக்கு மீறிய இடத்தில் திணறுவதற்கும் இந்தத் தாமதமே பல நேரம் காரணம்.

எம்15 பிரதான சுற்றில் 32 பேர். தரவரிசை இல்லாதவர் பொதுவாகத் தகுதிச் சுற்றில்தான் தொடங்க வேண்டும். அங்கே மூன்றாவது செட் கிடையாது. அதற்குப் பதிலாக, குறைந்தது 10 புள்ளி எடுத்து இரண்டு புள்ளி முந்துபவர் ஆட்டத்தை வெல்லும் டைபிரேக். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் அந்த டைபிரேக்கில் ஒரு டபுள் ஃபால்ட்கூட (இரண்டு சர்வும் தவறுவது) ஒரு வாரப் பயணத்தை வீணாக்கிவிடும். அதை மட்டும் தனியாகப் பயிற்சி செய்யும் இளம் வீரர்கள் குறைவு. செய்பவர்களுக்கு நிச்சயம் பலன் இருக்கிறது. ஜூனியர் தரவரிசையில் முதல் 100 பேருக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கடைநிலைப் போட்டிகளின் பிரதான சுற்றில் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஜூனியர் போட்டிகளை அவசரமாக விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

எந்த வாரம் எங்கே ஆடுவது என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக் போன்ற இடங்களில் ஆண்டின் பெரும்பகுதி, ஒரே வளாகத்தில் வாராவாரம் ஐடிஎஃப் போட்டிகள் நடப்பது வழக்கம். விமானச் செலவு ஒருமுறைதான், தங்குமிடம் மாறாது, தரையும் பந்தும் பழகிவிடும். முதல் புள்ளிகளைத் தேடுபவருக்கு மூன்று வாரம் அங்கே ஆடுவது நல்ல திட்டம். ஆனால் மூன்று வாரம் மூன்று மாதமாக நீளும்போது, தரவரிசை ஏறும், ஆட்டம் அப்படியே நிற்கும். ஒரே வேகத் தரையில், ஒரே மாதிரி எதிராளிகளோடு ஆடி வந்த 500-ஆம் இடம், களிமண் தரையில் நடக்கும் சேலஞ்சரில் முதல் செட்டிலேயே அம்பலமாகிவிடும். மூன்று வாரம் போட்டி, பிறகு ஒன்றிரண்டு வாரம் பயிற்சி என்று சுற்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்ப்பதே சரியான வழி. பாதிக்கும் குறைவாக வென்றிருந்தால் ஒரு படி கீழே. மூன்றில் இரண்டுக்கு மேல் வென்றிருந்தால், பட்டம் இல்லாவிட்டாலும், ஒரு படி மேலே. தொடர்ந்து ஐந்தாறு முதல் சுற்றுத் தோல்வி எந்த இளம் வீரருக்கும் பாடமாக அமைவதில்லை. அது வெறும் வலி.

இத்தாலி வீரர் யானிக் சின்னரின் 2019-ஐ இந்தக் கோணத்தில் பார்க்கலாம். ஜூனியர் கிராண்ட்ஸ்லாம்களைத் துரத்தாமல், 17 வயதில், 500-க்கும் கீழே இருந்த தரவரிசையோடு, தரவரிசை பார்க்காமல் அமைப்பாளர்கள் தரும் 'வைல்டு கார்டு' அனுமதியில் பெர்கமோ சேலஞ்சருக்குள் போய்ப் பட்டம் வென்றார். அந்த ஆண்டை 78-ஆம் இடத்தில் முடித்தார். அமெரிக்க வீராங்கனை கோகோ காஃப் அதே 2019-ல், 15 வயதில், விம்பிள்டன் தகுதிச் சுற்றிலிருந்து வந்து வீனஸ் வில்லியம்ஸை 6-4, 6-4 என்று வென்று நான்காம் சுற்றுவரை போனார். அவருடைய முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம் 2023-ல்தான் வந்தது. உலகமே வியந்த திறமைக்கும் நான்கு ஆண்டு பிடித்திருக்கிறது. ஐடிஎஃப் ஆய்வின்படி, முதல் தரவரிசைப் புள்ளியிலிருந்து முதல் 100 இடங்களுக்குள் வர, 2013 வாக்கில் ஆண்களுக்குச் சராசரியாக 4.8 ஆண்டும் பெண்களுக்கு 4.1 ஆண்டும் ஆனது. அதுவும் அந்த உயரத்தைத் தொட்டவர்களின் சராசரி.

பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு விதிகள் உண்டு. மூன்று போட்டிகளிலாவது புள்ளி பெற வேண்டும், அல்லது மொத்தம் 10 புள்ளி சேர வேண்டும். அதுவரை பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் தரவரிசைப் பட்டியலில் பெயரே வராது. இன்னொன்று வயது வரம்பு. ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990-ல் 14 வயது நிறையும் முன்பே தொழில்முறை வீராங்கனையாகி, சில ஆண்டுகளிலேயே களைத்து விலகினார். அந்தச் சூழலில் 1995 முதல் விதி கடுமையானது. 14 வயது ஆகாதவர் ஆட முடியாது. 14 முதல் 17 வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் என்று கட்டுப்பாடு. 18-ல் அது நீங்கும். ஆகையால் 16 வயதுப் பெண்ணின் தரவரிசையை 20 வயதுப் பெண்ணுடையதோடு ஒப்பிட்டு எழுதுவது நியாயமில்லை. வாய்ப்புகளின் எண்ணிக்கையே வேறு.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்15 போன்ற, 15,000 டாலர் மொத்தப் பரிசுள்ள போட்டியில் ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு 2,160 டாலர், முதல் சுற்றில் தோற்பவருக்கு 156 டாலர். பெரும்பாலும் தங்குமிடம், விமானம், ராக்கெட் ஸ்டிரிங் எல்லாம் சொந்தச் செலவு. பயிற்சியாளரின் செலவைச் சேர்க்காமலேயே, வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் சுமார் 336, பெண்களில் சுமார் 253 என்று அதே ஐடிஎஃப் ஆய்வு கணக்கிட்டது. முதல் 250 ஆண்களுக்குக் குறைந்தபட்ச ஆண்டு வருமானத்தை உறுதிசெய்யும் திட்டத்தை ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கமான ஏடிபி 2024-ல் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை ஒன்றரை லட்சம், 176 முதல் 250 வரை 75,000 என்று இருந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் 600-ஆம் இடத்தில் இருக்கும் பையனுக்கு அது எட்டாது. இரண்டு மூன்று வீரர்கள் சேர்ந்து ஒரே பயிற்சியாளரின் செலவைப் பகிர்வதும், இரட்டையர் ஆடுவதும்தான் அங்கே நடைமுறை வழி. அமெரிக்கக் கல்லூரி டென்னிஸும் ஒரு மரியாதையான பாதை. ஜான் இஸ்னர், கேமரன் நோரி, டேனியல் காலின்ஸ், பென் ஷெல்டன் எல்லோரும் அந்த வழியாக வந்தவர்கள். 'கல்லூரிக்குப் போய்விட்டார்' என்பதைத் தோல்விச் செய்தியாக எழுதாதீர்கள்.

உடல் விஷயத்தில் எச்சரிக்கை தேவைப்படுவது கீழ் முதுகுக்கு. வளரும் வயதில் சர்வ் எண்ணிக்கையைத் திடீரென்று கூட்டினால் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் அழுத்த முறிவு வரலாம். பின்னால் வளையும்போது ஒரு பக்கம் மட்டும், பெரும்பாலும் சர்வ் போடும் கைக்கு எதிர்ப்பக்கம், வலித்தால் தசைப்பிடிப்பு என்று தைலம் தடவி ஆடக் கூடாது. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் சில மாத ஓய்வோடு போகும். மணிக்கட்டு இன்னொரு ஆபத்து. 2009-ல் 20 வயதில் அமெரிக்க ஓபன் வென்ற அர்ஜென்டினா வீரர் டெல் போட்ரோவின் அடுத்த ஆண்டை மணிக்கட்டு அறுவை சிகிச்சை விழுங்கியது. வாரத்துக்கு வாரம் பந்து மாறுவதும், விறைப்பான பாலியஸ்டர் ஸ்டிரிங்கும் மணிக்கட்டுக்குச் சுமை. பாலியஸ்டர் அறுவதற்கு வெகுமுன்பே உயிரிழந்துவிடும். அறுந்தால்தான் மாற்றுவேன் என்று சிக்கனம் பார்க்கும் இளம் வீரர், பந்தை உள்ளே வைக்கக் கையை இறுக்கி இறுக்கி முழங்கையைக் கெடுத்துக்கொள்கிறார். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆட முடியாமல் போனால், காயத்துக்கு முந்தைய இடத்தை வைத்துப் போட்டிகளில் சேர உதவும் 'பாதுகாக்கப்பட்ட தரவரிசை' கேட்கலாம். இதை அறியாமல் பாதி ஆறிய காயத்தோடு நான்காம் மாதமே திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள்.

ஊக்கமருந்து விதியில் 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது விடுதலை தராது. தூக்கத்துக்காக எடுத்த மெலடோனின் மாத்திரையில் கலந்திருந்த தடைப் பொருளால் போலந்து வீராங்கனை இகா ஷ்வியான்டெக் 2024-ல் ஒரு மாதத் தடை பெற்றார். வழக்கறிஞரும் ஆய்வகச் சோதனையும் வைத்து மாத்திரையில்தான் கலப்பு என்று நிரூபிக்க அவரால் முடிந்தது. 17 வயதுப் பிள்ளையின் குடும்பத்தால் முடியுமா? துணை மாத்திரைகளே வேண்டாம் என்பதுதான் அந்த வயதில் பாதுகாப்பு. சூதாட்டத் தரகர் அணுகினால் மறுத்தால் மட்டும் போதாது. டென்னிஸ் நேர்மை அமைப்பான ஐடிஐஏவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம்.

உங்கள் விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இளம் வீரரின் தரவரிசை எண்ணை அச்சிடும்போது, அருகில் மூன்று விவரம் சேருங்கள்: எந்த நிலைப் போட்டியில் ஆடினார், தோற்கடித்தவரின் தரவரிசை என்ன, அந்த வாரம் எத்தனை பழைய புள்ளிகள் கழிந்தன. மூன்றும் ஏடிபி, டபிள்யூடிஏ, ஐடிஎஃப் இணையப் பக்கங்களில் கிடைக்கும் தகவல்களை வைத்துப் பார்த்துவிடக் கூடியவை. செய்தியில் கூடுதலாக இரண்டு வரிக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
டென்னிஸ் பயிற்சியாளர் ஒருவர்