பார் மிட்ஸ்வாவில் யாருக்கு எந்த மரியாதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

யூதச் சிறுவன் 13 வயதில் மதப் பொறுப்பேற்கும் பார் மிட்ஸ்வா விழாவில், விருந்தினருக்கு வழிபாட்டில் தரும் மரியாதைப் பொறுப்புகளை உறவின் நெருக்கத்தை மட்டும் பார்த்துப் பங்கிடுவது சரியல்ல. மரபுவழி யூத ஜெப ஆலயங்களில் ஓய்வுநாளான சனிக்கிழமை காலை, தோரா என்னும் வேதச் சுருளின் வாசிப்புக்கு ஆசி சொல்லக் குறைந்தது 7 பேரை அழைப்பார்கள். முதல் அழைப்பு கோஹன் என்னும் குருகுலத்தவருக்கு, அடுத்தது லேவியருக்கு. மப்தீர் எனப்படும் கடைசி அழைப்பு பெரும்பாலும் விழா நாயகனான பையனுக்கு. ஒவ்வொருவரின் எபிரேயப் பெயரையும் தந்தை பெயரையும் முன்பே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் வாசிப்பை நிறுத்திவிட்டு மேடையில் காதோடு காதாகக் கேட்க வேண்டிவரும்.

ஆசி வாசகம் தெரியாதவருக்குப் சுருள்களை வைத்திருக்கும் பேழையைத் திறப்பதும் சுருளுக்கு உறை அணிவிப்பதும் பொருந்தும். யூதரல்லாத நண்பர்கள் என்றால் ஆலயத்துக்கு ஆலயம் வழக்கம் மாறும்; ரப்பியை (யூத மத குருவை) கேட்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வாசித்த சுருளை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டும் ஹக்பாவைப் பாசத்தில் வயதான தாத்தாவுக்கு ஒதுக்குவதுதான் பெரிய தவறு. தோராவின் முதல் நூலான ஆதியாகமம் வாசிக்கும் வாரங்களில் பாரமெல்லாம் இடப்பக்க உருளையில் இருக்கும். சுருளை 3 நெடும்பத்தி (column) அளவு விரித்து, பாதி மேசை விளிம்புக்கு வெளியே வரும்படி இழுத்து, கைப்பிடிகளைக் கீழே அழுத்தி, முழங்காலை மடக்கி நிமிர வேண்டும். தோல் ஏடுகளின் தையல் நடுவில் வரும்படி விரியுங்கள். அதிகம் இழுபட்டாலும் தையல்தான் பிரியும், எழுத்து கிழியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்