பென் டிரைவுக்குள்ள ஒளிச்சிருக்கிற குப்பை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்கட ஒழுங்கைக் கோயில் திருவிழாவுக்கு மருமகன்ட மேக் கொம்பியூட்டரில இருந்து 40 பக்திப் பாட்டு பென் டிரைவில ஏத்திக் குடுத்தன், சவுண்ட்காரத் தம்பி செருகினா செட் 80 எண்டு காட்டுது, ஒண்டு பாடும் அடுத்தது சத்தமே இல்லை, ஐயர் வேற தீபத்தட்டோட திரும்பித் திரும்பிப் பாக்கிறார். வீட்டை கொண்டுவந்து விண்டோஸில மறைஞ்ச ஃபைலையும் காட்டச் சொல்லிப் பாத்தா, ஒவ்வொரு பாட்டுக்கும் பேருக்கு முன்னால புள்ளியும் அடிக்கோடும் வச்சு ஒரு குட்டி ஃபைல், 4 கேபி, உள்ளுக்குப் பாட்டே இல்லை. ஃபாட்32, எக்ஸ்ஃபாட் எண்ட முறையில ஃபோர்மட் பண்ணின டிரைவில மேக் தன்ட மேலதிக விவரங்களை வைக்க வேற இடமில்லாமல் இப்பிடித் தனி ஃபைலா எழுதிவிடும். விண்டோஸும் லேசுப்பட்டதில்லை, சிஸ்டம் வொலியூம் இன்ஃபர்மேஷன் எண்டு ஒரு ஃபோல்டரைப் போட்டுட்டுத்தான் விடும். குட்டிகளை அழிச்சாப் பாட்டுக்கு ஒண்டும் ஆகாது, மேக்கில கட்டளை அடிக்கிற டெர்மினலில டொட் கிளீன் (dot_clean) எண்ட கட்டளையும் இதுக்குத்தான் கிடக்கு. ஆனா அடுத்தவன்ட பென் டிரைவில இந்த மேக்கும் விண்டோஸும் கேக்காமல் எழுதலாமோ? இதை ஒருக்காப் பேப்பரில போடுங்கோ ஐயா, இஞ்ச கன பேர் வைரஸ் எண்டு பயந்து முழுசா ஃபோர்மட் அடிச்சுப் போடுகினம்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை