பின்னால் சேர்த்தவள்

பெங்களூரு
ஞாயிறு இரவு

மாப்ள,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மஞ்சள் லைன் மெட்ரோ வந்த புண்ணியத்தில் சில்க் போர்டு சிக்னலில் தவம் கிடப்பது எனக்கு நின்றுவிட்டது.

அடுத்த மாதம் ஆபீஸில் எங்கள் ப்ரோகிராம் கோடு இருக்கும் சர்வருக்குப் புதிய பதிப்பு ஏற்றுகிறார்கள். அதில் மெர்ஜ் கியூ வருகிறது: ஆளாளுக்கு எழுதிய மாற்றங்களை வரிசையில் நிறுத்தி, சோதித்துச் சேர்க்கிற வசதி. தீபாவளிக்கு நாள் எண்ணுகிற பையன் மாதிரி காத்திருக்கிறேன், சிரிக்காதே. கோடு வைக்கிற தளமான கிட்ஹப் இதை 2023 ஜூலையிலேயே பொதுப் பயன்பாட்டுக்கு விட்டாயிற்று. அதன் போட்டியாளர் கிட்லேப் அதற்கும் முன்பே மெர்ஜ் ட்ரெயின் என்று வைத்திருந்தது. ரயில் என்றதும் உனக்கு ஜோலார்பேட்டை ஞாபகம் வரும். அதைப் பற்றி நான் பேசுவதாயில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கோடில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, பழைய பெயர் இருந்த இடங்களையெல்லாம் திருத்தி, எல்லோருக்கும் பொதுவான மெயின் பிரதியில் சேர்த்தேன். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். கால் மணி நேரம் கழித்து எங்கள் டீமின் புதுப்பெண், திண்டுக்கல்காரி, தன்னுடையதைச் சேர்த்தாள். அதுவும் பச்சைதான், ஆனால் அவள் டெஸ்ட் ஓடியது காலையில், என் மாற்றம் சேர்வதற்கு முன். அவளுடைய புது ஃபைலில் பழைய பெயர் இருந்தது. இருவரும் ஒரே வரியில் கைவைக்காததால் மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் கிட் முனகக்கூட இல்லை. எல்லாக் கோடையும் சேர்த்துக் கட்டுகிற பில்ட் படுத்துவிட்டது. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தோம்.

கியூ இருந்தால், அவளை எனக்குப் பின்னால் நிறுத்தி, என் மாற்றத்தோடு சேர்த்தே ஓட்டிப் பார்த்திருக்கும். உடைந்தால் அவளுடையதை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, பின்னால் நிற்பவர்களை மறுபடி சோதிக்கும்.

சரி, சொல்ல வந்தது இதுவல்ல. திங்கட்கிழமை மீட்டிங்கில், கடைசியாகச் சேர்த்தது யார் என்று மேனேஜர் கேட்டார். அவள் கை தூக்கினாள். பெயரை மாற்றியது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை மாப்ள. ஐந்து நிமிடம் அவள் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பதினாறு வருட சர்வீஸ் எனக்கு! வாத்தியார் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

வியாழக்கிழமைதான் அவளைக் காப்பிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கிட்டில் பிளேம் என்றே ஒரு கட்டளை உண்டு. எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும். "தெரியும்ணா, வெள்ளிக்கிழமை ராத்திரியே பிளேம் போட்டுப் பார்த்துட்டேன்" என்றாள். காப்பிக்குக் காசும் அவளே கொடுத்துவிட்டாள்.

மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை திங்கள்.

ஒரு சனிக்கிழமை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வா. மொட்டையையும் இழுத்து வா. அவன் பையில் சீட்டுக்கட்டு இருக்கக் கூடாது.

உன்
பழைய ரூம்மேட்