கஜுலு லட்சுமிநரசு செட்டியார் வெண்கலச் சிலை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வார்ப்பு முடிந்தாக வேண்டும். ஆவணிக்குள் உலோகம் வாங்கினால்தான் அது நடக்கும். மொத்த மதிப்பீடு 15,00,000 ரூபாய். கையிருப்பு 10,85,000. குறைவது 4,15,000.

யாருக்கு இந்தச் சிலை என்று கேட்கும் இளைஞர்களுக்காகச் சொல்கிறோம். லட்சுமிநரசு செட்டியார் 1806இல் சென்னையில் பிறந்தவர். துணி, அவுரி (நீலச்சாயம்) வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைப் பொதுக்காரியத்தில் இறக்கியவர். 1844இல் ‘கிரசென்ட்’ இதழ் தொடங்கினார். 1852இல் சென்னைவாசிகள் சங்கம் கண்டார். காங்கிரஸ் பிறக்க இன்னும் 33 ஆண்டுகள் இருந்தன! கிஸ்தி (நிலவரி) கட்ட முடியாத குடியானவர்களுக்கு அன்று கம்பெனி ஆட்சியின் வரி அலுவலர்கள் கிட்டி போட்டு விரல் நெரித்தார்கள். அண்ணாந்தாள் கட்டி (குனியவைத்துக் கழுத்தைக் காலோடு பிணைத்து) வெயிலில் வாட்டினார்கள். செட்டியார் அந்தக் கொடுமையை லண்டன் நாடாளுமன்றம் வரை கொண்டுபோனார். உறுப்பினர் டான்பி சீமோர் 1853இல் இங்கு வந்தார். சித்திரவதை நடந்தது உண்மையே என்று 1855இல் விசாரணைக் குழு எழுதிக்கொடுத்தது. 1863இல் சட்டமன்றத்தில் அமர்ந்த அந்தப் பெருமகன் 1868இல் வறுமையில் கண்மூடினார். நம் பாட்டன்மார் முதுகில் விழுந்த அடிக்கு நியாயம் கேட்டவருக்கு நாம் பட்டிருப்பது கடன்.

சிலை 8 அடி, தகட்டுத் தடிமன் 8 மி.மீ. நூற்றுக்குச் செம்பு 85, வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் தலா 5. வார்ப்புக் குழாய்களில் தங்குவதையும் சேர்த்து 550 கிலோ வேண்டும். கிலோ 950 வீதம் 5,22,500. ஸ்தபதி, வார்ப்புக் கூலி 4,80,000. கருங்கல் பீடம் 3,20,000. உள்சட்டம் 45,000. லாரி, கிரேன் 60,000. வேலி, விளக்கு 72,500. உள்சட்டத்தைச் சாதா இரும்பில் செய்தால் செலவு பாதிதான். ஆனால் கடற்காற்றில் வெண்கலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு துருவேறிப் பருத்து, சில வருடத்தில் கால் மடிப்பைப் பிளந்துவிடும். அதனால்தான் துருப்பிடிக்காத எஃகு கேட்டிருக்கிறோம்.

களிமண் உருவம் முடிந்து பிளாஸ்டர் அச்சும் எடுத்தாயிற்று. மெழுகுப் பாகங்கள் தயாராகின்றன. மெழுகின்மேல் மண் பூசிக் காயவைப்பதுதான் அடுத்த வேலை. மழைக்காலத்தில் அந்த மண் உள்ளே ஈரம் வைத்துக்கொள்ளும்; உருக்கிய உலோகம் பட்டதும் அது ஆவியாகி வார்ப்பைத் துளைத்துவிடும். முகத்தில் அப்படித் துளை விழுந்தால் மறுபடி வார்ப்பதுதான் வழி.

வீட்டுப் பித்தளைச் சொம்பையும் குத்துவிளக்கையும் உருக்கில் சேர்க்கும்படி பல தாய்மார்கள் கேட்கிறார்கள். அந்தப் பக்திக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் பித்தளையில் துத்தநாகம் அதிகம். உருக்கும்போது வெண்புகையாய்க் கிளம்பும், கலவையின் அளவும் கெட்டுப்போகும். அவற்றை விற்று வரும் தொகையைத் தாருங்கள்.

முதல் தவணைக்கே அள்ளிக் கொடுத்த பாரிமுனை வணிகர்கள், ஓய்வூதியத்தில் பங்கு தந்த ஆசிரியர்கள், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள், ஞாயிறுதோறும் கடை கடையாக ஏறி வசூலித்த இளைஞர்கள், களிமண் உருவத்தைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட குடும்பங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம். பெயர் வேண்டாமென்று கொடுத்தவர்களும் உண்டு, இறைவன் அறிவான்.

மேடையில் தொகை அறிவித்துக் கைதட்டு வாங்கியவர்களிடமிருந்து மட்டும் 1,90,000 வரவேண்டியிருக்கிறது. அவர்கள் வாக்கைக் காப்பாற்றினாலே குறையில் ஏறக்குறைய பாதி தீரும். கூலிவேலை செய்பவர் 200 ரூபாயை நேரில் வந்து கட்டிவிட்டுப் போகும் ஊரில், இதற்கு மேல் நாங்கள் சொல்ல வேண்டாம்.

பொது இடத்தில் சிலை வைக்க 2013இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்துள்ளதால், பட்டா நிலத்தில்தான் பீடம் எழும்புகிறது.

பணமாகவோ காசோலையாகவோ தரலாம். ரசீது வாங்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். வருமான வரிச்சலுகை இதற்கு இல்லை. வரவு செலவு நோட்டு குழு அலுவலகத்தில் மாலை 5 முதல் 8 வரை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
சிலை அமைப்புக் குழுவினர்