2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: இணையவழி ஆட்டங்களில் கணினி உதவியும் நமது விசாரணை முறையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, ஆட்டக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது சதுரங்கச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மண்டபம், தேவிபட்டினம் ஆகிய ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். ஆகவே, இவ்வாண்டு நம்மிடையே மிகுந்த மனக்கசப்பை உண்டாக்கியதும் செயற்குழுவின் நேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டதுமான ஒரு பொருளைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நமது இணையவழிப் போட்டிகளில் சிலர் கணினி எஞ்சினின், அதாவது சிறந்த நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் சதுரங்க மென்பொருளின், உதவியோடு ஆடுகிறார்கள் என்ற சந்தேகமும், அதை விசாரித்த விதமுமே அப்பொருள்.

தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரை சிதறிக் கிடக்கும் ஊர்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி முடிந்து பஸ் பிடித்து ஓரிடத்தில் கூடி ஆடுவது எல்லா நாளும் இயலாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அறவே இயலாது. அதனால்தான் வாரநாள் மாலைகளில் லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் போட்டி நடத்துகிறோம். இதை இரண்டாந்தர ஆட்டம் என்று நான் கருதவில்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயே ஒலிம்பியாட்டை இணையவழியில் நடத்தியது. இந்தியாவும் ரஷ்யாவும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன.

ஆனால் இணையவழி ஆட்டத்தில் நடுவர் எதிரே உட்கார்ந்திருப்பதில்லை. 1997இல் அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற கணினியான டீப் புளூ, ஓர் அறையில் அலமாரிகளாக நின்ற இயந்திரம். இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை எந்தக் கைப்பேசியிலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கணினிகளுக்கான தரவரிசைப் பட்டியல்களில் அதன் ரேட்டிங், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண், 3500ஐத் தாண்டி நிற்கிறது. மனிதர்களில் எவரும் எட்டிய உச்சம் நார்வேயின் முன்னாள் உலகச் சாம்பியன் கார்ல்சனின் 2882. ஆசைக்கும் செயலுக்கும் இடையே ஒரு தொடுதல்தான் தூரம் என்னும்போது, பதின்மூன்று வயதுப் பிள்ளையை மட்டும் குறை சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரமுகர்களோடு இணையத்தில் ஆடிய காட்சி ஆட்டங்களில், அவரை வென்ற ஒருவர் கணினியின் உதவியையும் பிறர் உதவியையும் பெற்றதாக மறுநாளே ஒப்புக்கொண்டதை உறுப்பினர்கள் அறிவார்கள்.

இனி இவ்வாண்டு நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலப் போட்டியின் ஒரு சுற்று முடிந்த இரவு, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆடிய ஆட்டத்தின் துல்லியம், அதாவது எஞ்சினின் தேர்வுகளுக்கு அது எவ்வளவு நெருக்கம் என்ற அளவு, 96 விழுக்காடு எனக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், “இது இவன் ஆடியதா?” என்ற கேள்வியோடு நமது வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டது. விடிவதற்குள் அது அவனுடைய பள்ளி வரைக்கும் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவன் தந்தை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தப்பு செஞ்சிருந்தா நானே கூட்டிட்டு வர்றேன் சார், செய்யலேன்னா என்ன பண்ணுவீங்க?”

செயற்குழு அமைத்த மூவர் குழு அந்த ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாகப் பார்த்தது. வெள்ளைக் காய்களோடு ஆடிய அவன், இத்தாலியத் தொடக்கத்தில் குதிரையை ஜி5 கட்டத்துக்குக் கொண்டுசென்று, பிறகு எஃப்7 சிப்பாயின் மேல் அதைப் பலியிட்டு ராஜாவை வெளியே இழுக்கும் ஃபிரைட் லிவர் தாக்குதலை ஆடியிருந்தான். எதிராளி ஐந்தாவது நகர்த்தலில் குதிரையால் சிப்பாயை வெட்டி வலையில் விழுந்தார். ஆக, எட்டாவது நகர்த்தல் வரை அவன் ஆடியது முழுக்க நமது வகுப்பில் பயிற்சியாளர் பலகையில் எழுதிப்போட்ட வரிசை. மனப்பாடமாகத் தெரிந்ததை ஆடினால் துல்லியம் ஏறத்தான் செய்யும். எதிராளி தவறு செய்து, ஆட்டமும் சீக்கிரம் முடிந்தால் இன்னும் ஏறும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் அவன் கதையை இன்னும் தெளிவாகச் சொன்னது. முதல் எட்டையும் நொடிகளில் ஆடியவன், அதன்பின் ஓரிடத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் யோசித்து, எளிய செக்மேட் ஒன்றைத் தவறவிட்டு, சுற்றுவழியில் வென்றிருக்கிறான். எஞ்சின் அருகிலிருந்தால் அந்த மேட் தவறியிருக்காது.

அவன் மீது வைக்கப்பட்ட இன்னொரு குற்றச்சாட்டு, ஆட்டத்தின் நடுவே பலமுறை திரையை விட்டு வெளியேறினான் என்பது. இதைக் குறித்து நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு திரைக்கு மாறுவதை முறைகேட்டின் அடையாளமாகக் கொள்வது, ஆளுக்கொரு கணினி உள்ள வீட்டுக்குப் பொருந்தலாம். நம் ஊர்களில் பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. அன்று மாலை, மறுநாள் கடலுக்குத் தொழிலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுக்கிறதா என்று கேட்டு விசைப்படகில் உடன் செல்பவர்கள் அவன் தந்தையை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் பையன் போனை அப்பாவிடம் நீட்டியிருக்கிறான். அழைப்புப் பட்டியலில் இருந்த நேரங்களும் ஆட்டத்தில் அவன் கடிகாரம் ஓடிய நேரங்களும் ஒத்துப்போயின. அவன் மீது குற்றமில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. அம்முடிவை, குற்றச்சாட்டு வெளியான அதே வாட்ஸ்அப் குழுவில் என் கையொப்பத்தோடு வெளியிட்டேன்.

துல்லியம் போன்ற எண்களைப் பற்றி இங்கே சற்று விளக்கமாகச் சொல்வது அவசியம். ஒரு நகர்த்தல் எஞ்சினின் முதல் தேர்விலிருந்து எவ்வளவு விலகியது என்பதை ஒரு சிப்பாயின் மதிப்பில் நூறில் ஒரு பங்கு என்ற அலகால் அளக்கிறார்கள். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியரும் இன்டர்நேஷனல் மாஸ்டருமான கென்னத் ரீகன் வகுத்த முறை இதிலிருந்து வெகுதூரம் முன்னே செல்கிறது: ஒருவருடைய ரேட்டிங்குக்கு எந்த அளவு எஞ்சினோடு ஒத்துப்போவது இயல்பு என்று முதலில் கணித்து, அவர் உண்மையில் ஒத்துப்போனது அந்த இயல்பைவிட எத்தனை திட்ட விலக்கம் (வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) மிகுந்திருக்கிறது என்று அது பார்க்கிறது. இரண்டு திட்ட விலக்கம் என்றதும் திகைப்பவர்கள் உண்டு. ஆனால் நேர்மையாக ஆடும் ஏறத்தாழ 44 பேரில் ஒருவர் தற்செயலாகவே அந்த அளவைத் தாண்டுவார். மூன்றைத் தாண்டுபவர் ஏறத்தாழ 740 பேரில் ஒருவர். ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சலித்துப் பார்த்தால், யாராவது ஒரு நிரபராதி சல்லடையில் நிற்பார் என்பது கணக்கின் இயல்பு. எனவே ஓர் ஆட்டத்தை மட்டும், அதிலும் இருபது நகர்த்தல்களில் முடிந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு எவரையும் கள்ளன் என்று சொல்ல இடமில்லை. கடல்நீரின் நிறம் மாறியதைப் பார்த்து மீன்கூட்டம் இருக்கலாம் என்று கணிப்பவர்களும், வலையை இழுத்த பிறகுதானே இருந்தது என்று சொல்கிறார்கள்.

மேல்மட்டத்தில் நடந்தவையும் இதையே காட்டுகின்றன. 2019இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு கிராண்ட்மாஸ்டர் பிடிபட்டார். அவர் மீது புள்ளிவிவரச் சந்தேகம் முன்பே இருந்தது. ஆனால் கழிப்பறையில் கைப்பேசியோடு இருந்தது வெளிப்பட்ட பிறகே பட்டம் பறிக்கப்பட்டு, ஆறாண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2022இல் கார்ல்சன், அமெரிக்க இளைஞர் நீமனிடம் தோற்ற மறுநாள் போட்டியிலிருந்து விலகியபோது, நீமன் முறைகேடு செய்தாரா என்று உலகமே பக்கம் பிரிந்து பேசியது. நீமன் இணையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் உதவி பெற்றிருக்கக்கூடும் என்று செஸ்.காம் என்ற சதுரங்கத் தளம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. ஆயினும் நேருக்குநேர் பலகையில் அவர் முறைகேடு செய்ததற்கு உறுதியான சான்று இல்லை என்பதையும் அதே அறிக்கை சொன்னது. தகுந்த காரணமின்றி விலகியதற்காகப் பின்னர் ஃபிடே ஒழுங்குக் குழு கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது. இவ்வாண்டு அக்டோபரில் 29 வயதில் காலமான அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, தம் கடைசி ஓராண்டை நிரூபிக்கப்படாத முறைகேட்டுக் குற்றச்சாட்டின் நிழலிலேயே கழித்தார். குற்றம் சாட்டியவர் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக். உலகச் சாம்பியனின் சொல்லே சான்றாகாதபோது, நமது வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் போடப்படும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எப்படிச் சான்றாகும்?

அதற்காகக் கணினி உதவியே நம்மிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இவ்வாண்டின் இரண்டாவது புகார் உண்மையாக இருந்தது. அந்த ஆட்டக்காரரின் பல ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எந்த நகர்த்தலுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் ஆகியிருந்தது. எதிராளி காயை வெட்டியதும் திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லாத இடத்தில் எவரும் உடனே ஆடுவார்கள். இவருக்கு அங்கும் அதே நேரம், கிராண்ட்மாஸ்டரே திணறும் இடத்திலும் அதே நேரம். சிக்னல் மோசமான ஊர் என்பதால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டோம். ஆனால் சிக்னல் தாமதம் இப்படிச் சீராக இருக்காது. யானை முடிவாட்டம் ஒன்றில், சிப்பாயைத் தள்ளினாலே வெல்லலாம் என்ற நிலையில், அவர் ராஜாவை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தியிருந்தார். அது எஞ்சினின் முதல் தேர்வு.

இத்தனையும் இருந்தும் எவரிடமும் சொல்லாமல், அவரையும் அவர் தாயாரையும் மட்டும் அழைத்து, பலகையில் அதே நிலையை வைத்து, ராஜா ஏன் பின்னால் போனது என்று பயிற்சியாளர் அமைதியாகக் கேட்டார். அவர் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தெரியல சார், அது சொன்னுச்சு” என்றார். ரேட்டிங் குறைந்தால் மாவட்டத் தேர்வுக்கு எடுக்கமாட்டார்கள் என்ற பயத்தில் செய்ததாகச் சொன்னார். அவருடைய முடிவுகளை நீக்கி, தோற்றவர்களுக்கு உரிய புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தோம். இணையப் போட்டிகளிலிருந்து ஆறு மாதம் விலக்கினோம். ஞாயிறு வகுப்பிலிருந்து விலக்கவில்லை. இதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. ஆடக் கற்றுக்கொள்ளும் இடத்தையும் பிடுங்கிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது அந்த எஞ்சின் மட்டுமே என்பது என் உறுதியான கருத்து.

இவற்றின் அடிப்படையில் சில நடைமுறைகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். சந்தேகம் எழுந்தால் அதைச் செயலாளரிடம் மட்டுமே எழுத்தில் தர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுபவர், குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தாலும், ஒரு போட்டிக்கு விலக்கப்படுவார். விசாரணைக் குழு ஓர் ஆட்டத்தைக் கொண்டு முடிவெடுக்காது. பல ஆட்டங்களையும், நேரப் பதிவையும், அதே ஆட்டக்காரர் நேரில் ஆடும் தரத்தையும் சேர்த்தே பார்க்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டவரை விசாரிக்கும்போது பெற்றோரில் ஒருவர் உடனிருக்க வேண்டும். பெயர் எந்தப் பதிவிலும் வெளியே வராது. ஒரே கைப்பேசி உள்ள வீடுகள் அதை முன்கூட்டியே தெரிவிக்கலாம். அவர்களுக்காகப் பயிற்சி மையத்தில் இரண்டு கணினிகளை மாலை எட்டு மணி வரை திறந்து வைக்க, ஆகும் செலவைப் பொருளாளர் தமது மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறார். இணையப் போட்டியில் முதல் எட்டு இடங்களைப் பிடிப்பவர்களுக்கு இறுதிச் சுற்று, விசைப்படகு மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களில், பெற்றோர் வீட்டிலிருந்து பிள்ளைகளை அழைத்துவர வசதியாக, மண்டபம் ஊரில் நேரில் பலகையில் நடைபெறும். கைப்பேசிகள் வாசலில் நடுவரிடம் ஒப்படைக்கப்படும்.

இம்முன்மொழிவுகளைத் தனித்தனியே விவாதித்து வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்