பருவ இறுதியில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு முடிவுகள் மகிழ்ச்சி தருகின்றன. விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

இனி, சில வாரங்களாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாக்களும் படிக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் மாணவி ஒருத்தி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே பையில் இருந்தது. "குடிச்சா டாய்லெட் போகணும் மிஸ்" என்றாள். மாதவிடாய் நாள் வேறு. சாயங்காலம் வரை தாங்கட்டும் என்று இரண்டு பேட்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தாள். வகுப்பாசிரியைகளிடம் விசாரித்தேன். பெரிய வகுப்புகளில் பலரும் இப்படித்தான் செய்கிறார்களாம்.

இரண்டு பேட் வைத்தாலும் தோலை ஒட்டியிருப்பது அந்த மேல் பேட்தானே? ஈரமும் சூடும் சேர்ந்து தோல் உரசிப் புண்ணாகும், அரிப்பு வரும். உதிரப்போக்கு குறைவாக இருந்தாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். சிறுநீரை அடக்குவது இன்னும் மோசம். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், கிருமி சுலபமாக ஏறிவிடும். தண்ணீர் குடித்து அவ்வப்போது சிறுநீர் கழித்தால் அது வெளியேறிவிடும். அடக்கினால் உள்ளேயே பெருகி, நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, வாசனை போட்ட திரவங்களும் ஸ்பிரேக்களும் பிள்ளைகளின் பைகளில் வருகின்றன. பிறப்புறுப்பின் உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் லேசான அமிலத்தன்மையைக் காத்து, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கின்றன. உள்ளே எதையாவது ஊற்றிக் கழுவினால் அந்தக் காவல்தான் போகும். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பருத்தி உள்ளாடை அணிந்தால் போதும். லேசாக வெள்ளைப்படுவது இயல்பு. முதல் மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முன்பே அது தொடங்கும். மகள் பயந்தால் அதைச் சொல்லித் தேற்றுங்கள். ஆனால் அரிப்போ, கெட்ட வாடையோ, பச்சை நிறமோ, தயிர்த் திப்பி போன்ற கசிவோ இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கடையில் ஏதாவது வாங்கித் தடவி நாளைக் கடத்தாதீர்கள்.

சின்ன வகுப்புப் பெண் குழந்தைகளுக்கு, முன்னிருந்து பின்னாகக் கழுவவும் துடைக்கவும் இப்போதே பழக்குங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைவதால் அந்த இடம் வறண்டு எரியும். சுத்தம் போதவில்லை என்று நினைத்து சோப்பை அதிகமாகப் போட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும். இதற்கு மருந்து இருக்கிறது. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பலருக்கு அது கிடைப்பதில்லை.

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "ஸ்கூல்ல போகாதே, வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்" என்று மகளுக்குச் சொல்லி அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். கழிப்பறை சுத்தமாக இல்லை என்றால் நேரே என்னிடம் வந்து சண்டை போடுங்கள். அதற்கான தண்டனை பிள்ளையின் உடம்புக்கு வேண்டாம். பாட வேளையில் அனுமதி கேட்கும் மாணவியை மறுக்கக் கூடாது, காரணம் கேட்டு நிற்க வைக்கக் கூடாது என்று ஆசிரியர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

பேசத் தயங்கும் விஷயம்தான், எனக்குப் புரிகிறது. என் அம்மா என்னிடம் இதையெல்லாம் பேசியதே இல்லை. நானும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். சென்ற கூட்டத்துக்குப் பிறகு தயங்கித் தயங்கி வந்து இதைப் பற்றிக் கேட்ட தாய்மார்களுக்கும், மகளுக்காகத் தானே வந்து பேசிய ஓர் அப்பாவுக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த பருவம் முதல் மாணவியர் கழிப்பறையில் சோப்பும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இருக்கும். மாற்று பேட்கள் ஆசிரியைகள் அறை அலமாரியில் இருக்கும். அதைத் திறந்து எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை