சண்டை ஓய்ந்த பிறகு வரும் சரக்கு: பாதுகாப்புக் கொள்முதல் அதிகாரிகளுக்கு ஓசூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவு அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஓசூர் சிப்காட் பக்கத்தில் கணினி ஓட்டும் சி.என்.சி. மெஷின் மூன்றும் இரண்டு பழைய லேத்தும் வைத்து, பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். பாதிப் பேர் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பையன்கள். அதில் ஒருவனுடைய அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்த அந்த நாலு நாளும் இவன் செல்போனை மெஷின் மேலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தான்.

அதற்குப் பிறகு, அவசரக் கொள்முதலில் ஒரு பெரிய நிறுவனம் எடுத்த வேலையில் ஒரு துண்டு எங்களுக்கும் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அலுமினிய ஹவுசிங், அதாவது வேறொரு பாகத்தை உள்ளே வைத்துக் காக்கும் கூடு. உள்விட்டம் 20 மைக்ரானுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. ட்ராயிங் வந்த அன்று இரவே புரோகிராம் போட்டோம். மூன்று ஷிஃப்ட் ஓட்டி, கேட்ட தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே 600 பீஸையும் முடித்துவிட்டோம். இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் ஆள் வரவில்லை. ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி ஏழு வாரம் காத்திருந்தோம். கடைசியில் வந்தவர் நல்ல மனிதர். அவர் ஒருவர் தலையில் எத்தனையோ ஊர்களின் வேலை. அரை நாளில் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பணம் வர மேலும் ஐந்து மாதம் ஆனது.

கார்கில் போருக்கென்று அவசரமாக வாங்கியதில் ஏறத்தாழ எல்லாமே 1999 ஜூலையில் சண்டை ஓய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தது என்று மத்திய அரசின் கணக்குகளைச் சரிபார்க்கும் சி.ஏ.ஜி.யின் தணிக்கை அறிக்கை 2001-லேயே சொன்னது. அப்புறம் நீங்கள் நிறைய மாற்றியிருக்கிறீர்கள், அதை மறுக்கவில்லை. 2020-இல் லடாக் பதற்றத்தின்போது ஒரு கொள்முதலுக்கு 300 கோடி ரூபாய் வரை படைகளே முடிவெடுக்க வழி செய்தீர்கள். 2025 நவம்பரில் வந்த புதிய கொள்முதல் கையேடு தாமத அபராதத்தைத் தளர்த்தியது. ஆனால் இந்த வேகமெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் வரைக்கும்தான். அதற்குக் கீழே, பொருள் உண்மையிலேயே உருவாகிற இடத்தில், எல்லாம் பழைய நடைதான்.

தரச் சோதனையைக் குறையுங்கள் என்று ஒருநாளும் கேட்க மாட்டேன். தப்பான பீஸ் ஒன்று போனால் அது அந்தப் பையனின் அண்ணன் கைக்குத்தான் போகும். சோதிக்கிறவரை இங்கேயே உட்கார வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. அவசர ஆர்டர் ஓடுகிற மாதங்களிலாவது இங்கே ஓர் இன்ஸ்பெக்டர் இருக்கக் கூடாதா?

பணத்துக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயத்தில் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. கீழே உள்ள பட்டறைக்குக் கொடுத்த ரசீதைக் காட்டினால்தான் பெரிய நிறுவனத்துக்கு அடுத்த தவணை என்று நீங்களே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஹவுசிங்கை மெஷினில் அசையாமல் பிடிக்கவென்று நாங்களே செய்த ஃபிக்சர் இப்போது அலமாரி மேல் கிடக்கிறது. அதில் கை பழகியவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். நாளைக்கே அதே ஆர்டர் வந்தாலும் புது ஆளைப் பழக்க ஒரு மாதம் ஆகும். உலோகத்தின் தரத்தை ஆலையே எழுதிக் கொடுக்கும் மில் சர்டிபிகேட்டோடு அந்த கிரேடு அலுமினியம் கிடைக்கச் சில வாரம். போர் வந்த பிறகு இந்த நாட்களை எந்த அதிகாரத்தாலும் விலைக்கு வாங்க முடியாது. சண்டை இல்லாத காலத்தில் வருஷத்துக்கு 50 பீஸ் ஆர்டர் கொடுங்கள், போதும். கை பழகிய ஆள் இங்கேயே இருப்பான், அலுமினிய ராடும் கையிருப்பில் இருக்கும். லாபம் பெரிதாக வராது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ஃபிக்சரைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஒருநாள் வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஓசூர் பட்டறைக்காரன் ஒருவன்